குழு நீக்கிய பக்கங்கள்

பிள்ளைகள் எப்படிப்பட்ட அறிவு நூலை ஆசையோடு வாசிப்பார்கள் என்ற கேள்விக்கு, உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை ஒரே ஓர் ஊரில்தான் முழுமையான விடை கிடைத்திருக்கிறது. அந்த ஊர் கொட்டாரம். விடை கண்டவர்கள், 1953-ஆம் ஆண்டு அங்கே அறிவுச்சுடர் வாசகசாலையில் கூடிய ‘சிறார் அறிவு நூல் ஆக்கக் குழு’வினர். அந்தக் குழுவில் ஒரு சிறுவனோ சிறுமியோ இடம்பெறவில்லை என்பதிலிருந்தே ஆராய்ச்சி எவ்வளவு நடுநிலையோடு நடந்தது என்பது விளங்கும்.

தலைவர் கணபதியப்ப பிள்ளை, தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். துணைத் தலைவர் வக்கீல் தாணுமாலயன். பொருளாளர் கருப்பட்டி வியாபாரி சுயம்பு. இவர்களோடு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுக்கும் ஜெபமணி டீச்சரையும் அழைத்திருந்தார்கள். அவர் உறுப்பினர் அல்ல. ‘கேட்டால் மட்டும் கருத்துச் சொல்லும் ஆலோசகர்’. புத்தகத்தை எழுதப்போகிறவரும் அவர்தான். அதனால்தான் அவருக்கு ஓட்டு இல்லை.

வாசகசாலையின் பெருமை அதன் கண்ணாடி அலமாரி. உள்ளே பறவைகளைப் பற்றி, நட்சத்திரங்களைப் பற்றி, நெல்லைத் தின்னும் பூச்சிகளைப் பற்றி எல்லாம் நல்ல நல்ல நூல்கள் இருந்தன. வாங்கி வைத்த அன்றைக்கு இருந்த மெருகு குலையாமல் அப்படியே இருந்தன. சாவி தலைவரின் மடியில் பத்திரமாக இருந்ததே அதற்குக் காரணம். “ஒரு பக்கத்துலயாவது ஒரு விரல் ரேகை உண்டா, பாருங்க!” என்று வருகிறவர்களிடம் எல்லாம் அவர் காட்டுவார். வருகிறவர்களும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இத்தனை வசதி இருந்தும் ஊர்ப் பிள்ளைகள் வாசிக்கவில்லை. ஏன்? முதல் கூட்டத்தில் தலைவர் இந்த வினாவை எழுப்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“ஏட்டி, யாரது?”

“ஞானம், ஐயா. நாலாங்கிளாசு. அந்த மீன் படம் போட்ட புத்தகத்த ஒருக்கா...”

“பிள்ளைகளப் பத்தி முக்கியமாப் பேசிட்டிருக்கோம். இங்கின நின்னு தொந்தரவு பண்ணாத. ஓடு!”

ஞானம் ஓடினாள். பிள்ளைகளுக்கு வாசிப்பில் நாட்டமே இல்லை என்ற முதல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஜெபமணி டீச்சர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் இந்தப் புத்தகத்தை எழுத ஒப்புக்கொண்டதே அந்த ஞானத்தால்தான். மணவாளக்குறிச்சியில் மாமன் வீட்டுக்குப் போய்வந்த ஞானம், ஒரு நாள் வகுப்பில் எழுந்து, “டீச்சர், அங்க கடக்கரை மணலு கறுப்பாக் கெடக்கு. நம்ம பக்கத்து மணலு வெளுப்பாக் கெடக்கு. ஒரே கடலுதானே, அது எப்பிடி?” என்று கேட்டாள். டீச்சருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. அரைகுறையை ஒரு பிள்ளையிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. “புத்தகமாவே எழுதித் தாறேன் மக்கா” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யோசித்தார். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள், பெண்பிள்ளைகளில் முக்கால்வாசி, நாலாம் வகுப்போடு நின்றுவிடுவார்கள். சித்திரை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது வரமாட்டார்கள். அதற்குள் இந்த ஒரு புத்தகமாவது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய வேண்டுதல். ராத்திரி ஜெபத்தில் ஊருக்கு மழை, வீட்டுக்கு அமைதி என்று கேட்டுவிட்டு, கடைசியில் இதையும் சேர்த்துக்கொண்டார்.

இதற்காக அவர் விசாரித்தார், படித்தார், கடற்கரைக்குப் போய் மணலை அள்ளிவந்து வீட்டில் வைத்துப் பார்த்தார். எழுதி முடித்துக் கொடுத்தபோது குழு அதை வாசிக்காமலேயே ‘கொள்கை அளவில்’ ஏற்றுக்கொண்டது. அச்சான பிறகுதான் வாசிப்பது என்பது குழுவின் மரபு. கைப்பிரதி நாகர்கோவிலில் சிலுவைதாசனின் அச்சகத்துக்குப் போயிற்று. முன்னுரைகளுக்காக முதல் பதினாறு பக்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் பதினேழாம் பக்கத்திலிருந்து நாற்பத்தெட்டு வரை டீச்சர் எழுதியதை எல்லாப் பிரதிகளுக்குமாக அச்சடித்து, ஒரு பிரதியைக் குழுவுக்கு அனுப்பினார். நாற்பத்தொன்பதிலிருந்து வரும் கடைசிப் பக்கங்களும் அதோடு அச்சாகிவிட்டன.

இரண்டாம் கூட்டத்தில் குழு அந்தத் தாள்களைக் கையில் எடுத்தது. தலைவர் உரக்க வாசித்தார்:

“‘உன் காலில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டிவிடாதே. நில். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் போடு. எத்தனை நிறம் தெரிகிறது?’”

மூன்று பெரியவர்களும் தங்களை அறியாமல் ஒரு கணம் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுதாரித்துக்கொண்டார்கள்.

“ஒரு நூலக் காலுல தொடங்கலாமா டீச்சரே?” என்றார் தலைவர் வருத்தத்தோடு. “ஒரு மங்கலச் சொல் வேண்டாமா?”

“மணலு காலுலதான ஐயா ஒட்டும்?”

“ஒட்டும். அதுக்காக அத அச்சுல கொண்டாரணுமா?”

வக்கீல் தாணுமாலயன் பென்சிலால் தாளைத் தட்டினார். “பிள்ளைவாள், இது பெரிசில்ல. பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறி கெடக்கு, பாத்தியளா? பதில் தெரிஞ்சுக்கிடத்தான் ஒருத்தன் புத்தகம் வாங்குகான். புத்தகம் அவன்கிட்ட கேள்வி கேட்டா, அவன் யாருகிட்டப் போயிக் கேப்பான்?”

“பதிலு அடுத்த தாளுலயே இருக்கு ஐயா” என்றார் டீச்சர்.

“அப்போ கேள்வி எதுக்கு? நேரே பதிலச் சொல்லிட்டுப் போலாம்லா?”

“கேள்வி இல்லாம பதில மட்டும் வச்சா பிள்ளையளுக்குப் பசிக்காது ஐயா.”

பொருளாளர் சுயம்பு திடுக்கிட்டார். “பசிக்குமா? புத்தகத்த வாசிச்சா பிள்ளையளுக்குப் பசிக்குமா? அப்போ வீட்டுல தாய்மாரு நம்மளச் சும்மா விடுவாளுகளா?”

‘பசி உண்டாக்கும் பகுதிகள் நீக்கப்பட வேண்டும்’ என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

பத்தொன்பதாம் பக்கத்தில், ‘இந்த மணலை அம்மனின் நின்றுபோன கல்யாணத்துக்கு வைத்த அரிசி என்று கன்னியாகுமரியில் சொல்வார்கள். கையில் எடுத்துப் பார். அப்படிச் சொன்னவர் மணலை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று தெரியும்’ என்று இருந்தது. வக்கீல் இதையும் ஏற்கவில்லை. “ஒண்ணு, அரிசின்னு சொல்லணும். இல்ல, மணலுன்னு சொல்லணும். ஒரே வழக்குல ரெண்டு வாதம் செல்லாது.”

இருபத்தொன்றாம் பக்கம்தான் பெரிய ஆபத்து. ‘ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பாதி அளவு மணலை அள்ளு. கடல்நீர் விட்டு மெல்லச் சுழற்று. யார் முதலில் வெளியே ஓடுகிறார்கள்? யார் அசையாமல் அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்?’

“பிள்ளையள் எல்லாம் சிரட்டையத் தூக்கிட்டுக் கடலுக்குப் போயிரும்” என்றார் சுயம்பு. “வீட்டுல அகப்பை செய்யச் சிரட்டை இருக்காது. இது பொருளாதாரப் பிரச்சினை.”

“துணி நனைஞ்சா பொறுப்பு யாரு?” என்றார் வக்கீல்.

தலைவர் பெருமூச்சு விட்டார். “டீச்சரே, நீங்க நல்ல மனசோடதான் எழுதியிருக்கிய. ஆனா ஒரு புத்தகம்னா பிள்ளைய அடங்கி ஒரு இடத்துல உக்கார வைக்கணும். இது எழும்பி ஓட வைக்குதே!”

இத்தனை பெரியவர்கள், தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, பிள்ளைகளின் நன்மைக்காகக் கவலைப்படுகிறார்கள். அவர்களை எதிர்த்துப் பேசுவது எப்படி என்று டீச்சருக்குத் தெரியவில்லை. பதினேழு முதல் நாற்பத்தெட்டு வரையுள்ள பக்கங்கள் முழுவதும் நீக்கப்பட்டன.

“பதினாறுக்குப் பெறகு நாப்பத்தொம்பது வருமே ஐயா?” என்று மட்டும் அவர் மெல்லக் கேட்டார்.

“பிள்ளைகளா பக்க எண்ணப் பாக்கப் போகுது?” என்றார் தலைவர்.

நூலை ஈர்ப்புள்ளதாக்கும் பணி அதன்பின் தடையின்றி நடந்தது. ஒதுக்கிய பதினாறு பக்கங்களுக்கு ஆறு முன்னுரைகள் சேர்ந்தன. தலைவர் தம்மைப் பற்றியும், வக்கீல் தலைவரைப் பற்றியும், சுயம்பு இருவரைப் பற்றியும் எழுதினார்கள். மிச்சம் மூன்றை எழுதிய உறவினர்கள் குழுவைப் பற்றி எழுதினார்கள். மணலில் குந்தியிருக்கும் ஒரு சிறுமியின் படத்தை டீச்சர் வரைந்து கொடுத்திருந்தார். அந்த இடத்தில், நாற்காலியில் அமர்ந்து மூடிய புத்தகம் ஒன்றின் மேல் கை வைத்திருக்கும் தலைவரின் புகைப்படம் வந்தது. டீச்சரின் பக்கங்களுக்குப் பழுப்புத் தாளே போதும் என்றவர்கள், முன்னுரைகளுக்கு வழவழப்பான கெட்டித் தாள் வாங்கினார்கள். நாற்பத்தொன்பதிலிருந்து நன்றியுரையும் குழுவின் விதிமுறைகளும் இருந்தன. முடிவில் ‘பிழைதிருத்தம்’. அதில் இருபத்துமூன்றாம் பக்கம் நாலாம் வரியில் உள்ள ஒரு பிழையைத் திருத்திக்கொள்ளும்படி வாசகர்கள் பணிவுடன் வேண்டப்பட்டிருந்தார்கள்.

நீக்கிய தாள்களை எரித்துவிடும்படி அச்சகத்துக்கு உத்தரவு போயிற்று. செய்தி அறிந்த அன்று இரவு டீச்சர் முழங்காலிட்டு, ஆண்டவரே, குழுவை மன்னியும் என்று தொடங்கினார். குழு தவறு ஏதும் செய்யவில்லையே, எல்லாம் தீர்மானப்படிதானே நடந்தது என்று நினைவு வரவே, அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தார். தூக்கம் வரவில்லை.

பங்குனி மாதம் வெளியீட்டு விழா நடந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி இலவசமாகக் கிடைத்தது. அட்டையில் ‘மணல்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஞானம் ஆவலோடு புரட்டினாள். புரட்டிக்கொண்டே போனாள். கடைசி வரை போய்விட்டு, முதலிலிருந்து மறுபடி வந்தாள்.

“டீச்சர், பதினாறுக்குப் பெறவு நாப்பத்தொம்பது வருது. நடுவுல உள்ளத எங்க?”

“அது... வரல்ல மக்கா.”

“அதுலயா கறுப்பு மணலு இருந்துது?”

“ஆமா.”

ஞானம் புத்தகத்தை மூடி, அட்டையைப் பாவாடையில் துடைத்து வைத்துக்கொண்டாள். அவள் கோபித்திருந்தால்கூட டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் விடுமுறைக்கு மூடியது.

சித்திரைப் பௌர்ணமி அன்று, நூலின் மாபெரும் வெற்றியைக் கொண்டாடக் குழு கன்னியாகுமரிக் கடற்கரையில் கூடியது. எல்லாப் பிரதிகளும் தீர்ந்துவிட்டன அல்லவா? மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, கிழக்கே நிலா எழும்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கரை கொள்ளாத கூட்டம். மணல் ஒட்டாதபடி ஜமுக்காளம் விரித்து, அதன் மேல் தலைவருக்கு ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். டீச்சரையும் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார்கள். அவர் ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த நாளுக்கு ஒரு நினைவுப் பொருள் வேண்டாமா?” என்று எழுந்துபோன சுயம்பு, கோயிலுக்குக் கீழே அலையோரத்தில் யாத்திரிகர்களுக்கு வண்ண மணல் விற்கும் பகவதி என்ற பெண்ணிடம் நாலைந்து பொட்டலம் வாங்கிவந்தார். தலைவர் தம்முடையதை நிலாவெளிச்சத்துக்குக் காத்திராமல் பிரித்தார்.

கறுப்பு மணலுக்கு அடியிலிருந்து அவரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் அமர்ந்து, மூடிய புத்தகத்தின் மேல் கை வைத்தபடி.

வக்கீல் அவசரமாகத் தம்முடையதைப் பிரித்தார். மூன்றாம் முன்னுரை. சுயம்புவின் பொட்டலத்தில் பச்சை மணலைச் சுற்றியிருந்தது நான்காம் முன்னுரை.

“என்ன அநியாயம் வே இது!” என்று தலைவர் எழுந்தார். பொட்டலத்தைப் பிடித்தபடி அவர் முன்னே நடக்க, குழு பின்னே நடந்தது. டீச்சரும் பதறிக்கொண்டு போனார்.

பகவதி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி, ஈர மணலில், நாலாம் வகுப்பில் பாதி குந்தியிருந்தது. எல்லார் கையிலும் சிரட்டை. எல்லார் துணியும் முழங்கால் வரை நனைந்திருந்தது. ஒருத்தியின் மடியில் வாழைநாரால் தைத்த ஒரு பழுப்புத் தாள்கட்டு இருந்தது. அவள் ஞானம். அவள் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சிரட்டையைச் சுழற்றினார்கள்.

“எனக்கு வெளுப்பு எல்லாம் ஓடிட்டு!”

“ஏலே, நீ வேகமாச் சுத்துக. டீச்சரு மெல்லச் சுத்தணும்னுல்லா எழுதியிருக்காவ!”

ஜெபமணி டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். எரிந்துபோயிற்று என்று நினைத்த வார்த்தைகள், ஒரு பிள்ளையின் வாயிலிருந்து கடற்காற்றோடு கலந்து வந்தன.

“யாரு கிழிச்சது இத?” என்றார் தலைவர், தம் முகத்தை உயர்த்திப் பிடித்து.

ஞானம் எழுந்து நின்றாள். “கிழிக்கல்ல ஐயா. மாத்தினோம். பகவதி எனக்குச் சித்தி. அவ பெட்டியில பொட்டலம் மடிக்க வச்சிருந்த தாளுல பதினேழாம் பக்கம் இருந்துது. பெறவு பாத்தா நாப்பத்தெட்டு வரைக்கும் இருந்துது. தாளக் குடுத்தா சித்தி எதுல பொட்டலம் மடிப்பா? அதுனால நாங்க எங்க புத்தகத்துல உள்ள தாளக் குடுத்து அத வாங்கினோம்.”

“உனக்கு இந்தத் தாள் எப்படிக் கிடைச்சுது?” என்று வக்கீல் பகவதியைக் குறுக்கு விசாரணை செய்தார்.

“அச்சாபீசு சிலுவைதாசன் அண்ணன் தந்தாவ” என்றாள் பகவதி. “எரிக்கச் சொன்னாவளாம், கை வரல்லியாம். பக்கம் பக்கமா வெட்டி, வரிசை குலையாம வச்சுக்கோ தாயீ, என்னைக்காவது யாராவது கேப்பாவன்னு சொன்னாவ. எனக்கு எழுத்து தெரியாது, எண்ணு தெரியும். வரிசையா வச்சிருந்தேன். பிள்ளைய வந்து கேட்டுது.”

தலைவர் ஒரு கணம் யோசித்தார். நிர்வாக அனுபவம் உள்ளவர் அல்லவா? முகம் மலர்ந்தது. “பாத்தீரா வக்கீலே! நாம நீக்கினதாலதான் பிள்ளைய தேடி வாசிக்குது! இதுதான் நவீன முறை. நீக்கல் முறை! டீச்சரே, இத நாம முன்கூட்டியே திட்டமிட்டோம்னு எழுதிக்கிடுங்க.” பிறகு ஞானத்தின் பக்கம் திரும்பிக் கனிவோடு கேட்டார்: “ஒரு முன்னுரைத் தாளுக்கு ஒரு தாளா மாத்தினியா?”

“இல்ல ஐயா. ஒங்க தாளு ரெண்டு குடுத்தா டீச்சரு தாளு ஒண்ணு.”

“ரெண்டா? யாரு வச்ச கணக்கு?”

“நாங்கதான் ஐயா. சித்தி ஒண்ணுக்கு ஒண்ணுன்னுதான் சொன்னா. அது நியாயமாத் தெரியல்ல.”

சுயம்பு, வியாபாரி என்ற முறையில், தம்மை மறந்து தலையாட்டினார்.

தலைவர் தம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரைப் பார்க்க ஞானத்துக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். தன் சிரட்டையை அவரிடம் நீட்டினாள். “நீங்களும் சுத்திப் பாருங்க ஐயா.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், எப்படியோ வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு குனியத்தான் வேண்டியிருந்தது. ஓர் அலை வந்து வேட்டிக் கரையை நனைத்துவிட்டுப் போயிற்று. அவர் மெல்லச் சுழற்றினார். வெள்ளை மணல் தண்ணீரோடு வழிந்து ஓடியது. சிவப்பு கொஞ்சம் தயங்கிப் பின்னால் போயிற்று. கறுப்பு மட்டும் அடியில், பிறை வடிவத்தில், அசையாமல் உட்கார்ந்திருந்தது. மறுபடியும் தண்ணீர் அள்ளிச் சுழற்றினார். மறுபடியும் அப்படியே. தாசில்தார், தலைவர், ஆறு முன்னுரைகளின் நாயகர், எல்லாரும் கொஞ்ச நேரம் எங்கோ போய்விட்டார்கள். நனைந்த வேட்டியோடு ஒரு மனிதர் மணலில் குந்தியிருந்தார்.

“ஏம்மா, இந்தக் கறுப்பு மட்டும் ஏன் போகமாட்டேங்கு?” என்றார்.

குழு ஒருமனதாக நீக்கிய கேள்விகளில் அதுவும் ஒன்று. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அது இருபத்திமூணாம் பக்கத்துல இருக்கு ஐயா” என்றாள் ஞானம். “என் கட்டுல அது இன்னும் சேரல்ல. சித்திக்கிட்ட ஒண்ணு கெடக்கு. ஒங்க முன்னுரை ரெண்டு குடுத்தா வாங்கலாம்.”

தலைவர் கையில் இருந்தது ஒரே ஒரு தாள். அதில் அவர் மட்டுமே இருந்தார். அதையும் பார்த்தார், சிரட்டையையும் பார்த்தார். பிறகு, மடிப்பிலிருந்த மணலை உதறிவிட்டுத் தாளைப் பகவதியிடம் நீட்டினார்.

பகவதி இரண்டாவது கேட்கவில்லை. இருபத்துமூன்றாம் பக்கத்தை எடுத்து, ஈரம் படாமல் அவர் கையில் வைத்தாள். அவர் முகம் வாடியிருப்பதைக் கண்டு அவளுக்குப் பொறுக்கவில்லை. அவருடைய படத்தை முழங்காலில் வைத்து நீவி, அதில் ஒரு பிடி கறுப்பு மணலைக் கொட்டி, ஓரங்களை இறுக்கி மடித்துக்கொண்டே ஆறுதலாகச் சொன்னாள்:

“வருத்தப்படாதிய ஐயா. டீச்சரு தாளு ரொம்ப மெலிசு, எந்நேரமும் ஒழுகிட்டே கெடக்கும். ஒங்க தாளு வந்த பெறவு என் பொட்டலத்துலயிருந்து ஒரு பொடி மணலு வெளிய போனதில்ல.”